ஒல்லியாக இருந்தும் சுகர் வருவது ஏன்? இன்சுலின் செல்களைச் சாகச் சொல்லும் புரதங்கள்

விளக்கம்: சர்க்கரை நோய் என்றாலே எடை, இனிப்பு, சோம்பல் என்றுதான் பேசுகிறோம். ஆனால் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்கள் குறைந்துபோவதும் செயலிழப்பதும் இந்த நோயின் இன்னொரு பாதி. தென்னிந்தியர்களுக்கு இந்தப் பாதிதான் அதிகம் தெரிய வேண்டியது.

"நான் ஒல்லியாதானே இருக்கேன், எனக்கெல்லாம் சுகர் வராது." ஆபீஸ் கேன்டீனில் இந்த வசனத்தை நீங்கள் கேட்டிருப்பீர்கள். நீங்களேகூடச் சொல்லியிருக்கலாம்.

முதலில் எண்களைப் பார்ப்போம். 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வின் கணக்குப்படி இந்தியாவில் 10.1 கோடி பேருக்கு சர்க்கரை நோய் இருக்கிறது. இன்னும் 13.6 கோடி பேர் அதற்கு முந்தைய கட்டத்தில் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4% பேருக்கு இந்த நோய் உண்டு. தேசிய சராசரி 11.4%.

இதைவிட நேரடியாக உங்களைத் தொடும் எண் ஒன்று உண்டு. 2021-ல் 'டயபெட்டாலஜியா' இதழில் வெளியான கணிப்பின்படி, இந்தியப் பெருநகரத்தில் இன்று 20 வயதில் இருக்கும் ஆணுக்கு வாழ்நாளில் எப்போதாவது சர்க்கரை நோய் வருவதற்கான வாய்ப்பு 55.5%. பெண்ணுக்கு 64.6%. அதாவது, உங்கள் டீமில் பத்துப் பேர் இருந்தால் பாதிக்கு மேல்.

இவர்கள் எல்லோருமா குண்டாக இருக்கப்போகிறார்கள்? இல்லை. அப்படியானால் வேறு என்ன நடக்கிறது?

சுகரில் இரண்டு கதைகள் இருக்கின்றன

முதல் கதை நமக்குத் தெரிந்தது. உடலில், குறிப்பாக வயிற்றைச் சுற்றியும் கல்லீரலிலும், கொழுப்பு சேர்கிறது. அதனால் இன்சுலின் சொல்வதைத் தசையும் கல்லீரலும் கேட்பதில்லை. இதுதான் இன்சுலின் எதிர்ப்பு.

இரண்டாவது கதை, இன்சுலின் உற்பத்தியே போதவில்லை என்பது. கணையத்தில் 'லாங்கர்ஹான்ஸ் திட்டுகள்' என்ற சிறு செல் கூட்டங்கள் இருக்கின்றன. எண்ணிக்கையில் சுமார் பத்து லட்சம். எல்லாம் சேர்த்தாலும் கணையத்தின் எடையில் 1 முதல் 2 சதவீதம்தான். அவற்றுக்குள் இருக்கும் பீட்டா செல்கள் மட்டுமே உடலுக்குத் தேவையான இன்சுலினைச் சுரக்கின்றன.

எதிர்ப்பு இருந்தாலும் பீட்டா செல்கள் கூடுதலாக உழைத்து ஈடுகட்டினால் சர்க்கரை ஏறாது. பருமனாக இருக்கும் பலருக்கு வாழ்நாள் முழுக்க சுகர் வராததற்குக் காரணம் இதுதான். ஈடுகட்ட முடியாமல் போகும்போதுதான் நோய் வெளியே தெரிகிறது. ஆக, டைப் 1, டைப் 2 எதுவானாலும் கடைசி முடிவு பீட்டா செல்களின் கையில் இருக்கிறது.

இங்கே ஒரு சிக்கல். தோல் செல், ரத்த செல் மாதிரி பீட்டா செல்கள் தினமும் புதுப்பிக்கப்படுவதில்லை. 20-களைத் தாண்டியபின் புதிய பீட்டா செல்கள் உருவாவது மிகவும் குறைந்துவிடுகிறது என்று 2010-ல் வெளியான ஆய்வு காட்டியது. அதாவது, 25 வயதில் உங்களிடம் இருக்கும் இருப்பை வைத்துத்தான் 75 வரை ஓட்ட வேண்டும்.

செல்கள் உண்மையிலேயே சாகின்றனவா?

இதற்கு அதிகம் மேற்கோள் காட்டப்படும் தரவு 2003-ல் வந்தது. பீட்டர் பட்லர் தலைமையிலான அமெரிக்கக் குழு, இறந்தவர்களின் 124 கணையங்களை எடுத்து ஆராய்ந்தது. கிடைத்தவை:

• பருமனான, டைப் 2 சர்க்கரை நோயாளிகளிடம் பீட்டா செல்களின் அளவு, நோய் இல்லாத பருமனானவர்களைவிட 63% குறைவு.

• ஒல்லியான நோயாளிகளிடம், நோய் இல்லாத ஒல்லியானவர்களைவிட 41% குறைவு.

• பருமனாக இருந்து, சர்க்கரை நோய் என்று சொல்லும் அளவுக்கு வராமல் வெறும் வயிற்று சர்க்கரை மட்டும் சற்றே ஏறியிருந்தவர்களிடமும் 40% குறைவு.

• செல்கள் தம்மைத் தாமே அழித்துக்கொள்ளும் வேகம், பருமனான நோயாளிகளிடம் 3 மடங்கு, ஒல்லியான நோயாளிகளிடம் 10 மடங்கு அதிகம்.

மூன்றாவது வரியை இன்னொரு முறை படியுங்கள். 'பார்டர்ல இருக்கு, பார்த்துக்கலாம்' என்று நாம் ஒத்திப்போடும் கட்டத்திலேயே இருப்பு கணிசமாகக் குறைந்திருக்கிறது. அடுத்து நான்காவது வரி: ஒல்லியானவர்களுக்குப் பத்து மடங்கு.

இது இறந்தவர்களிடம் ஒரே ஒருமுறை எடுத்த அளவீடு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். செல்கள் குறைந்ததால் சுகர் வந்ததா, சுகர் வந்ததால் செல்கள் குறைந்தனவா, அல்லது அவர்கள் பிறக்கும்போதே குறைந்த இருப்போடுதான் பிறந்தார்களா என்பதை இந்த ஒரு ஆய்வை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது.

சாகச் சொல்வது யார்?

செல் சாவது பெரும்பாலும் விபத்து இல்லை, முடிவு. பழுதான செல், உடலுக்குத் தொந்தரவு தராமல் தன்னைத் தானே சுருக்கி, துண்டாக்கி, ஒதுங்கிக்கொள்ளும் முறைக்கு 1972-ல் 'அபோப்டோசிஸ்' என்று பெயர் வைத்தார்கள். இலை உதிர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது. இந்தச் சாவுக்குத் தனி மரபணுக்கள் இருக்கின்றன என்று மிகச் சிறிய புழு ஒன்றில் கண்டுபிடித்ததற்கான 2002 நோபல் பரிசை சிட்னி பிரென்னர், ராபர்ட் ஹார்விட்ஸ், ஜான் சல்ஸ்டன் மூவரும் பகிர்ந்துகொண்டார்கள்.

மனித செல்லில் இந்த முடிவை எடுப்பதில் முக்கியமானது 'பிசிஎல்-2' என்ற புரதக் குடும்பம். இதில் மூன்று தரப்பு உண்டு.

காப்பவர்கள்: பிசிஎல்-2, பிசிஎல்-எக்ஸ்எல். செல்லின் மின்நிலையமான மைட்டோகாண்ட்ரியாவின் சுவரைக் காவல் காக்கிறார்கள்.

துளை போடுபவர்கள்: பேக்ஸ், பேக். காவல் தளர்ந்தால் அந்தச் சுவரில் ஓட்டை போடுவார்கள். உள்ளே இருக்கும் சைட்டோகுரோம்-சி வெளியே கசியும். அது 'காஸ்பேஸ்' என்ற வெட்டும் நொதிகளைத் தூண்டிவிடும். அதன்பின் திரும்பி வருவது கஷ்டம்.

தகவல் கொண்டுவருபவர்கள்: பிம், பூமா, பேட் போன்றவை. 'செல் தாங்காது' என்ற செய்தியைக் காவலர்களிடம் கொண்டுபோய் அவர்களைச் செயலிழக்க வைப்பவர்கள்.

சரி, பீட்டா செல்லில் அந்தச் செய்தி ஏன் கிளம்புகிறது? காரணங்கள் நோய்க்கு நோய் மாறும்.

டைப் 1-ல், உடலின் நோய் எதிர்ப்புப் படையே ஆள் மாறி பீட்டா செல்களைத் தாக்குகிறது. அது சுரக்கும் அழற்சி வேதிப்பொருட்கள் உள்ளே இருக்கும் சாவுப் புரதங்களைத் தூண்டுகின்றன.

டைப் 2-ல் முக்கியக் காரணங்களில் ஒன்று வேலைச்சுமை. ஒரு பீட்டா செல் நிமிடத்துக்குப் பத்து லட்சம் இன்சுலின் மூலக்கூறுகள் வரை தயாரிக்கக்கூடியது. ஒவ்வொன்றையும் சரியாக மடித்து உருவம் கொடுக்க வேண்டும். தேவை ஏறிக்கொண்டே போனால் தவறாக மடிந்தவை குவியும். முதலில் செல் உற்பத்தியைக் குறைத்துச் சமாளிக்கப் பார்க்கும். நிலைமை நீடித்தால் 'சாப்' என்ற புரதம் கூடி, காவலரான பிசிஎல்-2-வின் அளவைக் குறைத்துவிடும். டெட்லைனுக்கு மேல் டெட்லைன் வந்தால் டீம் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

சர்க்கரையே நேரடியாக ஏற்றிவிடும் புரதமும் ஒன்று உண்டு: 'டிஎக்ஸ்என்ஐபி'. ரத்தத்தில் சர்க்கரை கூடினால் பீட்டா செல்லில் இது கூடும். இது கூடினால் செல் சாகும். செல் குறைந்தால் சர்க்கரை இன்னும் கூடும். இந்தச் சுழல்தான், கட்டுப்பாடில்லாமல் விட்ட சுகர் ஏன் தானாகவே மோசமாகிக்கொண்டு போகிறது என்பதற்கான விடைகளில் ஒன்று.

அப்படின்னா அந்தப் புரதங்களைத் தடுத்துவிடலாமே?

எல்லோருக்கும் முதலில் தோன்றும் கேள்வி இது. இரண்டு காரணங்களால் அது சுலபமில்லை.

முதல் காரணம், புற்றுநோய். சாக வேண்டிய செல் சாகாமல் இருப்பதுதான் புற்றுநோயின் அடிப்படைகளில் ஒன்று. 2016-ல் அமெரிக்கா அனுமதித்த 'வெனிட்டோகிளாக்ஸ்' என்ற ரத்தப் புற்றுநோய் மருந்து, பிசிஎல்-2 காவலரை முடக்கி, புற்றுநோய் செல்லைச் சாக விடுகிறது. நமக்கு வேண்டியது இதற்கு நேர் எதிரானது, அதுவும் பீட்டா செல்லில் மட்டும். உடல் முழுக்க சாவைத் தடுக்கும் மாத்திரையை யாரும் தர மாட்டார்கள்.

இரண்டாவது காரணம் இன்னும் சுவாரசியமானது. இந்தப் புரதங்களுக்குப் பகல் நேர வேலை ஒன்றும் இருக்கிறது. சாவுச் செய்தி சுமக்கும் 'பேட்' புரதமே, பீட்டா செல் குளுக்கோஸை உணர்ந்து இன்சுலின் விடுவதற்கும் உதவுகிறது என்று 2008-ல் அமெரிக்காவின் டானா-ஃபார்பர் நிலைய ஆய்வாளர்கள் காட்டினார்கள். அது இல்லாத எலிகளில் இன்சுலின் சுரப்பு குறைந்தது. மறுபக்கம், 2013-ல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், காவலர்களான பிசிஎல்-2, பிசிஎல்-எக்ஸ்எல் இரண்டும் குளுக்கோஸுக்கு பீட்டா செல் காட்டும் எதிர்வினையை அடக்கி வைக்கின்றன என்று கண்டார்கள். அவற்றின் பிடியைத் தளர்த்தியபோது செல் சுறுசுறுப்பாக வேலை செய்தது.

அதாவது, கொல்பவன் வேலை வாங்குகிறான், காப்பவன் வேலையைக் குறைக்கிறான். பீட்டா செல்லில் உயிரோடிருப்பதும் உழைப்பதும் ஒரே கயிற்றின் இரு முனைகள். ஒன்றை மட்டும் இழுக்க முடியாது.

சாவா, தூக்கமா?

2012-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டொமெனிகோ அச்சிலி குழு இந்தத் துறையின் பார்வையையே திருப்பியது. எலிகளில், காணாமல் போன பீட்டா செல்களில் பல சாகவில்லை என்றது அந்த ஆய்வு. அவை தம் அடையாளத்தை இழந்து, இன்சுலின் சுரக்காத ஆரம்பநிலை செல்களைப் போல மாறியிருந்தன. வேலையை விட்டவர்கள், உயிரை விட்டவர்கள் இல்லை.

இது வெறும் விஞ்ஞான விவாதம் இல்லை. செத்த செல் திரும்பாது. தூங்கும் செல் எழலாம்.

எழுகிறது என்பதற்கு மனிதர்களிடமே சான்று உண்டு. 2017-ல் வெளியான பிரிட்டனின் 'டைரக்ட்' ஆய்வில், நோய் வந்து ஆறு ஆண்டுக்குள் இருந்தவர்கள் கண்காணிப்போடு எடையைக் குறைத்தார்கள். ஓராண்டு முடிவில் 46% பேருக்கு மருந்தில்லாமலே சர்க்கரை நோய் அளவுக்குக் கீழே வந்தது. 15 கிலோவோ அதற்கு மேலோ குறைத்தவர்களில் 86% பேருக்கு.

சீனாவில் 2008-ல் வெளியான ஆய்வு வேறு வழியில் போனது. புதிதாக நோய் கண்டறியப்பட்ட 382 பேரைப் பிரித்து, சிலருக்குத் தொடக்கத்திலேயே குறுகிய காலம் தீவிரமாக இன்சுலின் கொடுத்தார்கள், சிலருக்கு மாத்திரை. பிறகு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார்கள். ஓராண்டுக்குப் பின்னும் சர்க்கரை கட்டுக்குள் இருந்தவர்கள், இன்சுலின் பம்ப் வைத்தவர்களில் 51.1%, ஊசி போட்டவர்களில் 44.9%, மாத்திரை எடுத்தவர்களில் 26.7%. வெளியிலிருந்து இன்சுலின் வந்ததும் பீட்டா செல்களுக்கு ஓய்வு கிடைத்தது என்பது ஒரு விளக்கம்.

'இன்சுலின் போட ஆரம்பிச்சா முடிஞ்சுது' என்று நம் வீடுகளில் சொல்வதற்கு இது நேர் எதிர். மருத்துவர் சீக்கிரமே இன்சுலின் எழுதினால், அது கடைசிக் கட்டம் என்று பொருள் இல்லை.

நம் ஊர்க் கணக்கு என்ன சொல்கிறது?

2018-ல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் சர்க்கரை நோயாளிகளை ஐந்து வகையாகப் பிரித்தார்கள். அதே முறையை இந்தியத் தரவில் போட்டுப் பார்த்தது சென்னையின் மெட்ராஸ் டயபெட்டிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன். ஆர்.எம். அஞ்சனா, வி. மோகன் உள்ளிட்டோரின் அந்த ஆய்வு 2020-ல் வந்தது. டைப் 2 உள்ள 19,084 பேரின் தரவு அதில் இருந்தது.

• இன்சுலின் சுரப்பு கடுமையாகக் குறைந்தவர்கள்: 26.2%

• பருமனும் இன்சுலின் எதிர்ப்பும் உள்ளவர்கள்: 25.9%

• எதிர்ப்பும் சுரப்புக் குறைவும் இரண்டும் உள்ளவர்கள்: 12.1%

• வயது காரணமான, மிதமான வகை: 35.8%

முதலாவதையும் மூன்றாவதையும் கூட்டினால் 38.3%. நம் டைப் 2 நோயாளிகளில் மூன்றில் ஒருவருக்கும் மேல், இன்சுலின் சுரப்பிலேயே குறை உள்ளவர்கள். முதல் வகையினருக்குக் கண் பாதிப்பு அபாயமும் மற்றவர்களைவிட அதிகமாக இருந்தது. சுரப்பு குறைவு என்பதாலேயே செல்கள் செத்துவிட்டன என்று முடிவு கட்ட முடியாது. ஆனால் 'எல்லாம் எடையால்தான்' என்ற ஒற்றை விளக்கம் நமக்குப் பொருந்தாது என்பதற்கு இந்தத் தரவு போதும்.

இதன் தீவிர முனை வேலூரில் தெரிகிறது. மிகவும் மெலிந்த, ஊட்டச்சத்துக் குறைவில் வளர்ந்த இளைஞர்களுக்கு வரும் ஒரு வகை சர்க்கரை நோயை முதலில் 1955-ல் ஜமைக்காவில் பதிவு செய்தார்கள். உலக சுகாதார நிறுவனம் 1985-ல் அதைத் தனி வகையாக ஏற்று, 1999-ல் பட்டியலிலிருந்து நீக்கியது. வேலூர் சிஎம்சியின் நிஹால் தாமஸும், நியூயார்க் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் கல்லூரியின் மெரடித் ஹாக்கின்ஸும் இணைந்த குழு 2022-ல் வெளியிட்ட ஆய்வு, இவர்களுக்கு எதிர்ப்பு பெரிதாக இல்லை, சுரப்புதான் குறைவு என்று காட்டியது. 2025 ஜனவரியில் வேலூரில் நிபுணர்கள் கூடினார்கள். அதே ஆண்டு ஏப்ரலில் பாங்காக் மாநாட்டில் சர்வதேச நீரிழிவு கூட்டமைப்பு இதை 'டைப் 5' என்று அங்கீகரித்தது. உலகெங்கும் 2 முதல் 2.5 கோடி பேருக்கு இது இருக்கலாம் என்பது மதிப்பீடு.

இந்த வேலூர் ஆய்வு யாருக்கு முக்கியம்? காளஹஸ்தியில் ரயில் ஏறினால் திருப்பதி, பாகாலா, சித்தூர் வழியாகக் காட்பாடி. சிகிச்சைக்காக வேலூர் வருபவர்களுக்குப் பழகிய பாதை அது. காளஹஸ்தி, புத்தூர், நகரி, சத்தியவேடு என்று தமிழும் தெலுங்கும் கலந்த இந்தப் பகுதி, 2022 ஏப்ரலில் மாவட்டங்கள் பிரிந்தபின் திருப்பதிக்கும் சித்தூருக்கும் பங்கிடப்பட்டது. ஊரில் கூலி வேலை செய்யும் மெலிந்த அப்பாவும், ஸ்ரீசிட்டியிலோ சென்னையிலோ ஷிஃப்ட் பார்த்து, தொப்பை போட்ட மகனும் ஒரே குடும்பத்தில் இருக்கும் இடம் இது. இருவருக்கும் சுகர் வரலாம். இருவருக்கும் அது ஒரே நோய் இல்லை. ஒருவருக்கு 'எடையைக் குறை' என்பது மருந்து, இன்னொருவருக்கு அதே அறிவுரை ஆபத்து.

பரிசோதனையில் ஒரு ஓட்டை

மெட்ராஸ் டயபெட்டிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் உருவாக்கிய 'இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண்' எளிமையானது, பயனுள்ளது. வயது, இடுப்பளவு, உடல் உழைப்பு, குடும்பத்தில் சுகர் ஆகிய நான்கும் சேர்ந்து 100-க்கு மதிப்பெண். 60-ம் அதற்கு மேலும் என்றால் அதிக அபாயம்.

இதில் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வயது 28: பூஜ்யம். இடுப்பு ஒல்லி: பூஜ்யம். நாள் முழுக்க லேப்டாப் முன்னால், உடற்பயிற்சி இல்லை: 30. அப்பா அம்மா இருவருக்கும் சுகர்: 20. மொத்தம் 50. 'அதிக அபாயம்' பட்டியலில் இவர் வரமாட்டார். அரசின் பொதுப் பரிசோதனைத் திட்டமும் 30 வயதில்தான் தொடங்குகிறது. பீட்டா செல் இருப்பு சத்தமில்லாமல் குறையத் தொடங்கக்கூடிய வயதில், ஒல்லியான இந்த நபரை யாரும் கூப்பிட்டுச் சோதிக்கப்போவதில்லை. அவரே போனால்தான் உண்டு.

மருந்து வருமா?

வந்துகொண்டிருக்கிறது, மெதுவாக. ரத்த அழுத்தத்துக்கு நெடுங்காலமாகத் தரும் 'வெராபமில்' என்ற பழைய மாத்திரை, மேலே பார்த்த டிஎக்ஸ்என்ஐபி புரதத்தைக் குறைக்கிறது என்று அமெரிக்காவின் அலபாமா பல்கலைக்கழகத்தில் அனத் ஷாலெவ் குழு கண்டது. 2018-ல் பெரியவர்களிடம் சிறு ஆய்வு. 2023-ல், டைப் 1 புதிதாக வந்த, 7 முதல் 17 வயதுக்குட்பட்ட 88 பேரிடம் இன்னொரு ஆய்வு. ஓராண்டு முடிவில், சொந்த இன்சுலின் சுரப்பைக் காட்டும் சி-பெப்டைடு அளவு, மாத்திரை எடுத்தவர்களுக்கு 30% அதிகம். நோய் குணமாகவில்லை, இருப்பு கரைவது தாமதமானது. இது இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் பாதிக்கும் மருந்து. நீங்களாக வாங்கிப் போடக்கூடாது.

2022 நவம்பரில் அமெரிக்கா அனுமதித்த 'டெப்லிசுமாப்', டைப் 1 வெளிப்படுவதைச் சராசரியாக இரண்டு ஆண்டு தள்ளிப்போடுகிறது. 2025-ல் வெளியான ஸ்டெம் செல் ஆய்வில், ஆய்வகத்தில் வளர்த்த திட்டு செல்களை முழு அளவில் பெற்ற 12 டைப் 1 நோயாளிகளில் 10 பேர் ஓராண்டில் இன்சுலின் ஊசி இல்லாமல் இருந்தார்கள். ஆனால் எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்தைத் தொடர்ந்து எடுக்க வேண்டும்.

'கணையத்தைப் புதுப்பிக்கும்' என்று வாட்ஸ்அப்பில் வரும் பொடிகளுக்கு இப்படிப்பட்ட ஆய்வு எதையும் அவர்கள் காட்டுவதில்லை. அதை நம்பி இன்சுலினை நிறுத்தினால், டைப் 1 நோயாளிக்குச் சில நாட்களிலேயே உயிர் ஆபத்து.

நீங்கள் என்ன செய்யலாம்?

பெற்றோரில் ஒருவருக்காவது சுகர் இருந்தால், 30 வரை காத்திருக்க வேண்டாம். எடை எதுவானாலும் வெறும் வயிற்று சர்க்கரையும் எச்பிஏ1சி-யும் பார்த்துவிடுங்கள். மருத்துவர் சொன்னால், குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் சோதனையும்.

ஏற்கெனவே நோய் உண்டு, ஆனால் மெலிந்திருக்கிறீர்கள், அல்லது மாத்திரை சீக்கிரமே வேலை செய்யாமல் போகிறது என்றால், 'சி-பெப்டைடு பார்க்கணுமா டாக்டர்?' என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வி சிகிச்சையின் திசையையே மாற்றலாம்.

'பார்டர்' என்று ரிப்போர்ட் வந்தால் அதைத்தான் அலாரமாக எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையில் 531 பேரிடம் நடந்து 2006-ல் வெளியான ஆய்வில், நடையும் உணவு மாற்றமும் மட்டுமே மூன்று ஆண்டுகளில் நோய் வரும் வாய்ப்பை 28.5% குறைத்தன. ஒல்லியானவருக்கு இதன் பொருள் பட்டினி இல்லை. தசையை வளர்ப்பது, உட்கார்ந்தே இருக்காமல் இருப்பது, தட்டில் சாதத்தைக் குறைத்துப் பருப்பு, பயறு, முட்டை, காயைக் கூட்டுவது.

சாவுப் புரதங்களைக் கட்டுப்படுத்தும் மாத்திரை இன்னும் கடைக்கு வரவில்லை. ஆனால் அவற்றைத் தூண்டிவிடும் அதிக சர்க்கரையும் அதிக வேலைச்சுமையும் இன்றைக்கே குறைக்கக்கூடியவை. ஒரே நிபந்தனை, உங்கள் எண் என்ன என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கண்ணாடியில் பார்த்தால் அது தெரியாது.